2^64 − 1: எக்செல் கடைசி இலக்கங்களை விழுங்குது. உண்மையான எண் எது? அதுக்குள்ள என்ன இருக்கு?

நெல்லை_கார்த்தி
எல்லாருக்கும் வணக்கம். பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். சதுரங்கப் பலகையில முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததுக்கு ரெண்டு, அதுக்கடுத்து நாலுன்னு போற கதைக்கு ஸ்கூல்ல சார்ட் கேட்டிருக்காங்க. எக்செல்ல 64 வரிசை போட்டு, கீழே கூட்டிப் பார்த்தேன். 18446744073709600000ன்னு வருது. கடைசியில அஞ்சு சைபர். முதல் கட்டத்துல மட்டும்தான் ஒண்ணு, மத்ததெல்லாம் இரட்டைப்படை. அப்போ கூட்டுத்தொகை ஒற்றைப்படையாத்தானே வரணும்? ஃபார்மட் எல்லாம் மாத்திப் பார்த்தாச்சு, அசையல. இது எங்க தப்பு?

ரவி_டெவ்
உங்க மேல தப்பே இல்ல சார். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல காட்டாது, மீதி இடத்தை சைபரால அடைச்சுடும். உள்ளுக்குள்ள அது எண்ணை வைக்கிற முறையில 53 பிட்டுக்குத்தான் (பிட்னா 0 இல்ல 1 எழுதுற ஒரு இடம்) இடம். முதல் 53 கட்டம் வரைக்கும் கூட்டல் துல்லியமா வரும். 54வது கட்டத்தைச் சேர்க்கிறப்போ விடையை எழுத 54 பிட் வேணும், இடம் பத்தாது, மேல்பக்கமா முழுமையாக்கிடும். நீங்க முதல் கட்டத்துல வச்ச அந்த ஒத்தை நெல் அங்கதான் தொலையுது. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் திரும்ப வராது.

கூட்டுத்தொகை 2^64 − 1, அதாவது 64 ரெண்டைப் பெருக்கி ஒண்ணு கழிச்சது. பைத்தான் புரோகிராமிங் மொழியில போட்டா முழுசா வரும்:

18446744073709551615

நம்ம முறையில கமா போட்டா 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால சொல்லணும்னா 1,84,467 கோடிக் கோடியே 44,07,370 கோடியே 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. பிரவுசர் கன்சோல்ல இதே எண்ணை டைப் பண்ணி என்டர் தட்டுங்க, 18446744073709552000ன்னு திருப்பிக் கொடுக்கும். அதே 53 பிட் வியாதிதான்.

மன்னை_மைந்தன்
இந்தக் கதை நடந்ததே எங்க ஊர்ப் பக்கம்தான் தெரியுமா? மன்னார்குடி பக்கத்துல திருப்பூவனூர். சாமி பேரே சதுரங்க வல்லபநாதர். செஸ் ஒலிம்பியாட் சென்னையில நடந்தப்போ ஊரே பேசிச்சு.

தேவகி_டீச்சர்
மைந்தன், திருப்பூவனூர்த் தலபுராணத்தில் இறைவன் அரசகுமாரியுடன் சதுரங்கம் ஆடி வென்று அவளை மணக்கிறார். நெல்மணிக் கணக்கு அதில் கிடையாது. கோயிலோடு சேர்த்து இந்தக் கணக்கைச் சொல்வது கேரளத்தில், அம்பலப்புழையில். கண்ணன் முனிவராக வந்து அரசனோடு ஆடி, பந்தயப் பொருளாக நெல் கேட்டதாகவும், கடனைப் பால் பாயசமாக அடைக்கச் சொன்னதாகவும் அங்கே கதை. எழுத்தில் தேடினால், அரபு மொழி வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் 1256இல் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவருக்கு முன்பே அல்-பிரூனி என்ற அறிஞர் இந்தக் கூட்டுத்தொகையைக் கடைசி இலக்கம் வரை சரியாகக் கணக்கிட்டு எழுதிவிட்டார். எக்செல்லால் முடியாததை ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒருவர் கையால் செய்திருக்கிறார் என்று உங்கள் பையனிடம் சொல்லுங்கள், கார்த்தி.

சார்ட்டுக்கு எடைக் கணக்கும் தருகிறேன். ஓர் அரிசி மணி சுமார் 25 மில்லிகிராம் என்று வைத்தால் பாதிப் பலகைக்கு, அதாவது 32 கட்டங்களுக்கு, ஏறத்தாழ 107 டன். பத்துப் பெரிய லாரியில் அடங்கிவிடும். முழுப் பலகைக்கு 46,000 கோடி டன்னுக்கு மேல். உலகம் முழுக்க ஒரு வருடத்தில் விளையும் அரிசி சுமார் 50 கோடி டன். ஆக, சுமார் 900 வருட விளைச்சல்.

சும்மா_ஒருத்தன்
ஹனோய் கோபுரமும் இதே எண்தான். 64 வட்டு, ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மாத்தணும், பெரிசு சின்னது மேல உட்காரக் கூடாது. குறைஞ்சது 2^64 − 1 நகர்த்தல். எதுவார் லூக்காங்கற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1883ல விளையாட்டுச் சாமானா கொண்டுவந்தது. நொடிக்கு ஒரு வட்டு நகர்த்தினா 58,000 கோடி வருஷத்துக்கு மேல ஆகும். பிரபஞ்சத்தோட வயசே 1,380 கோடிதான். தலை சுத்துதுப்பா.

கணக்குப்பிள்ளை
தலை சுத்துறது இருக்கட்டும். எவ்வளவு நெல், எத்தனை வருஷம்ங்கறது இந்த எண்ணைப் பத்திச் சொல்லக்கூடிய விஷயங்கள்லயே ரொம்பச் சாதாரணமானது. இதுக்குப் பக்கத்துல இருக்கிற எந்த எண்ணை எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு நெல்தான் வரும். இந்தக் குறிப்பிட்ட எண்ணோட அழகு அதைப் பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

பேப்பர்ல பண்ணலாம். இருமத்துல (0, 1ன்னு ரெண்டே இலக்கம் வச்சு) எழுதினா இது 64 ஒண்ணு வரிசையா நிக்கிற எண். சின்னதா ஆரம்பிங்க. இருமத்துல 11ஐ (நம்ம 3) 101ஆல (நம்ம 5) பெருக்குங்க. 101ஆல பெருக்குறதுன்னா அந்த எண்ணையே ரெண்டு இடம் தள்ளி இன்னொரு தடவை எழுதிக் கூட்டுறது. 11 போய் 1111 ஆகும், அதாவது 15. இதை 10001ஆல (நம்ம 17) பெருக்கினா எட்டு ஒண்ணு, 255. அதை 257ஆல பெருக்கினா பதினாறு ஒண்ணு. 65537ஆல பெருக்கினா முப்பத்திரண்டு. கடைசியா 4294967297ஆல பெருக்கினா அறுபத்துநாலு. ஆக,

2^64 − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

பலகையில வச்சுப் பாருங்க. முதல் வரிசை எட்டுக் கட்டத்துல 255 நெல். ரெண்டாவது வரிசையில ஒவ்வொரு கட்டமும் அதுக்கு நேர் மேல இருக்கிறதைப் போல 256 மடங்கு. மேல் பாதி மொத்தம் 4294967295. கீழ்ப் பாதி அதைப் போல 4294967296 மடங்கு. ரெண்டையும் சேர்த்தா 4294967295 × 4294967297. பெருக்கல் வாய்பாடு தெரிஞ்ச பையனுக்கு இது போதும், இயற்கணிதமே வேண்டாம்.

பொறியாளன்77
அந்த ஆறு எண்ணும் ஃபெர்மா எண்கள். 2ஓட அடுக்கா 1, 2, 4, 8, 16, 32 போட்டு ஒண்ணைக் கூட்டினா வர்றது. இதெல்லாம் பகா எண்கள்னு படிச்ச ஞாபகம். அப்போ மொத்தம் ஆறு பகாக் காரணி, சரியா?

கணக்குப்பிள்ளை
அப்படித்தான் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவும் 1640 வாக்குல நம்பினார். முதல் அஞ்சும் பகா எண்தான். ஆறாவதுல இடிக்குது. கணித மேதை ஆய்லர் 1732ல காட்டினது:

4294967297 = 641 × 6700417

அதனால காரணி ஏழு. 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவைதான் வரும், எதுவும் இரட்டிக்கல. ஆகவே வகுத்திகளோட எண்ணிக்கை 2^7 = 128.

நெல்லை_கார்த்தி
641ஆல வகுபடும்னு பெருக்காமலே நிரூபிக்க முடியுமா அண்ணே? பையன் கேட்கிறான்.

கணக்குப்பிள்ளை
முடியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச நாலு வரி இது. 641ஐ ரெண்டு விதமா எழுதலாம்:

641 = 5 × 128 + 1, அதாவது 5 × 2^7 + 1
641 = 625 + 16, அதாவது 5^4 + 2^4

முதல் வரிப்படி 5 × 2^7ஐ 641ஆல வகுத்தா மீதி −1ன்னு வச்சுக்கலாம். நாலாம் அடுக்கு எடுங்க: 5^4 × 2^28க்கு மீதி 1. ரெண்டாவது வரிப்படி 5^4ம் −2^4ம் ஒரே மீதி தரும். 5^4 இருந்த இடத்துல −2^4ஐப் போடுங்க: −2^32க்கு மீதி 1. அப்போ 2^32க்கு மீதி −1. அதோட ஒண்ணைக் கூட்டினா மீதி பூஜ்யம். முடிஞ்சது. 4294967297ங்கற எண்ணை ஒரு தடவைகூட எழுத வேண்டியதில்ல.

பொறியாளன்77
நிரூபணம் சரி. ஆனா 641ஐ எப்படிப் பிடிச்சார்? கம்ப்யூட்டர் இல்லாத காலம். 3, 7, 11ன்னு ஒவ்வொரு பகா எண்ணா வகுத்துக்கிட்டே வந்தாரா?

தேவகி_டீச்சர்
அப்படி வந்திருந்தாலும் 641 என்பது 116ஆவது பகா எண்தான், ஒரு வாரத்தில் முடித்திருப்பார். ஆனால் ஆய்லர் சல்லடை வைத்துச் சலித்தார். 2^32 + 1ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்று காட்டினார். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். ஐந்தாவது வகுத்தலிலேயே மாட்டிக்கொண்டது.

பின்னாளில் லூக்கா (ஹனோய் கோபுரக்காரர்தான்) அந்தச் சல்லடையை இன்னும் நெருக்கினார். 64 இல்லை, 128இன் மடங்கோடு 1. இப்போது 641 வரை தேறுகிற பகா எண்கள் 257, 641 இரண்டே. 257 ஏற்கெனவே ஃபெர்மா எண். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இருக்காது என்பதால் அதையும் தள்ளிவிடலாம். மிச்சம் 641 ஒன்றுதான்!

வல்வை_குமரன்
வணக்கம். நான் ஒரு சந்தேகத்தோட வந்தனான். 641 சரி, மற்றது 6700417 பகா எண் எண்டு ஆர் சொன்னது? அதையும் ஒருக்கால் உடைச்சுப் பாக்க வேணுமெல்லோ.

தேவகி_டீச்சர்
நல்ல கேள்வி, குமரன். அதே சல்லடை இங்கேயும் வேலை செய்யும். 6700417க்குக் காரணி இருந்தால் அது 2^32 + 1க்கும் காரணி, ஆகவே 128இன் மடங்கோடு 1. வர்க்கமூலம் 2588 சொச்சம், அதுவரை பார்த்தால் போதும். அந்த எல்லைக்குள் அந்த வடிவில் தேறும் பகா எண்கள் ஐந்தே:

257: மீதி 170
641: மீதி 44
769: மீதி 120
1153: மீதி 334
1409: மீதி 622

எதிலும் பூஜ்யம் இல்லை. பகா எண் என்று உறுதி. ஏழு இலக்க எண்ணைப் பகா எண் என்று ஐந்தே வகுத்தலில் நிரூபித்தோம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. செய்து காட்டினால்தான் நம்புகிறார்கள்.

வல்வை_குமரன்
நான் 1153ஐக் கையால போட்டுப் பாத்தன். 5811 தரம் போகுது, மீதி 334 சரியா வருது. நன்றி டீச்சர்.

ரவி_டெவ்
புரோகிராமர்களுக்கு இந்த எண் தினசரி முகம். சி மொழியில குறியில்லாத 64 பிட் மாறிக்குள்ள −1ஐப் போட்டுட்டு அச்சடிச்சா இதுதான் வரும். லாக் ஃபைல்ல 184467ன்னு ஆரம்பிக்கிற 20 இலக்கத்தைப் பார்த்தா, எங்கயோ சைபர்லேர்ந்து ஒண்ணைக் கழிச்சிருக்காங்கன்னு நேரா தேடப் போயிடுவேன். ஸ்டாக் 0 இருக்கிற பொருளை ஒருத்தர் வாங்கினதும் இருப்பு 1,84,467 கோடிக் கோடி ஆன கதை எல்லாம் பார்த்தாச்சு.

இந்தப் பட்டியல்ல இருக்கிற 65537ம் உங்க எல்லார் போன்லயும் இருக்கு. ஆர்எஸ்ஏங்கற ரகசியக் குறியீட்டு முறையில தகவலைப் பூட்டுறப்போ பொதுச் சாவியோட அடுக்கா வழக்கமா போடுறது அதைத்தான். இருமத்துல ரெண்டே ரெண்டு ஒண்ணு, நடுவுல பதினஞ்சு சைபர். அதனால அடுக்கேத்துறது சீக்கிரம் முடியும்.

சும்மா_ஒருத்தன்
சரி, 2^64 − 1 உடையுது. பக்கத்துல இருக்கிறதெல்லாம்?

கணக்குப்பிள்ளை
மேல ரெண்டு தள்ளி 2^64 + 1, 18446744073709551617. இது அடுத்த ஃபெர்மா எண். இதுவும் பகா எண் இல்ல. 274177 × 67280421310721. லாண்ட்ரிங்கற பிரெஞ்சுக்காரர் 1880ல இதைக் கண்டுபிடிச்சப்போ அவருக்கு 82 வயசு. ரிட்டயர் ஆனா என்ன பண்றதுன்னு கேட்கிறவங்க கவனிக்கவும்.

கீழ்ப்பக்கம் இந்த எண்ணுக்கு நெருக்கமான பகா எண் 2^64 − 59, அதாவது 18446744073709551557. மேல்பக்கம் 2^64 + 13. நடுவுல இருக்கிற 71 எண்ணும் பகு எண்.

இன்னொரு விஷயம். முதல் ஆறு ஃபெர்மா எண்ணையும் பெருக்கினா ஏழாவதுக்கு ரெண்டு குறைவா வருதுன்னு பார்த்தோம். இது எப்பவும் நடக்கும். ரெண்டு ஃபெர்மா எண்ணுக்குப் பொதுக் காரணி இருந்தா அது 2ஐயும் வகுக்கணும். ஆனா எல்லாமே ஒற்றைப்படை. அதனால பொதுக் காரணியே கிடையாது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் புதுசா ஒரு பகா எண்ணையாவது கொண்டுவரும், ஆக பகா எண்களுக்கு முடிவில்ல. பொதுக் காரணி கிடையாதுங்கறது கணிதவியலாளர் கோல்டுபாக் 1730ல ஆய்லருக்கு எழுதின கடிதத்துல இருக்கு. டீச்சர் 257ஐத் தள்ளினது இதை வச்சுத்தான்.

தேவகி_டீச்சர்
கார்த்தி, சார்ட்டுக்கு எடைப் படத்தைவிட நல்ல யோசனை ஒன்று. பாஸ்கல் முக்கோணம் (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டல்) போடச் சொல்லுங்கள். ஒற்றைப்படை வரும் இடத்தில் 1, இரட்டைப்படை வரும் இடத்தில் 0. வரிசை வரிசையாக இரும எண்ணாகப் படித்தால் 1, 11, 101, 1111, 10001, 110011, 1010101, 11111111. நம் எண்ணில் 1, 3, 5, 15, 17, 51, 85, 255.

இந்த வரிசைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 19 வயது நிறையாத கணித மேதை காவுஸ் 1796இல் 17 பக்கங்கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம் என்று காட்டினார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருந்தால் மட்டுமே வரைய முடியும் என்பதை வாண்ட்செல் என்ற கணிதவியலாளர் 1837இல் முடித்து வைத்தார். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்துதான். ஐந்தையும் பெருக்கினால் மேல் பாதிப் பலகையின் நெல், 4294967295. அதன் 32 வகுத்திகளில் 1ஐ நீக்கினால் 31 பலகோணங்கள். பாஸ்கல் முக்கோணத்தின் முதல் 32 வரிசைகள் அந்த 32 வகுத்திகளையும் ஏறுவரிசையில், ஒன்றுகூட விடாமல் தருகின்றன. ஹெர்மஸ் என்பவர் 65537 பக்கத்துக்கு வழி எழுதப் பத்து வருடம் செலவிட்டார். அந்தக் கையெழுத்துப் பெட்டி ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குப் போனது. அதையெல்லாம் பையனிடம் கேட்காதீர்கள்!

33ஆவது வரிசை 4294967297. அங்கே 641 குறுக்கே நிற்கிறது, பலகோணம் வரைய முடியாது. ஆனாலும் முக்கோணத்தை நிறுத்தாமல் 64ஆவது வரிசை வரை போகச் சொல்லுங்கள். அந்த வரிசை முழுக்க ஒன்றுகள்தான். உங்கள் நெல்மணிக் கணக்கு.

நெல்லை_கார்த்தி
டீச்சர், இது சூப்பர். கட்டம் போட்ட பேப்பர்ல கருப்பு வெள்ளையா நிரப்ப ஆரம்பிச்சுட்டான். முக்கோணத்துக்குள்ள முக்கோணமா வருதுன்னு வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுறான். முழு எண்ணையும் கூட்டி எழுதாம ஒற்றை இரட்டை மட்டும் பார்த்து நிரப்பலாம்ல? மேல ரெண்டும் வேற வேறன்னா 1, ஒரே மாதிரின்னா 0?

தேவகி_டீச்சர்
அதேதான். அப்படியே செய்யட்டும்.

பொறியாளன்77
போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. 128 வகுத்தின்னா 64 ஜோடி. இந்த நெல்லை எல்லாம் செவ்வகமா அடுக்கணும்னா, சதுரத்துக்கு ரொம்பக் கிட்ட வர்ற ஜோடி எது?

கணக்குப்பிள்ளை
ஏற்கெனவே மேல எழுதினதுதான். 4294967295 × 4294967297. ரெண்டுக்கும் வித்தியாசம் 2. ரெண்டும் ஒற்றைப்படையா இருக்கணும்ங்கறதால இதைவிட நெருங்க முடியாது. சரியான சதுரமா அடுக்க ஒரே ஒரு நெல் குறையுது.

ஒவ்வொரு ஜோடியும் இந்த எண்ணை ரெண்டு வர்க்கங்களோட வித்தியாசமா எழுத ஒரு வழி. கட்டமும் 64, வழியும் 64. இது தற்செயல்னுதான் சொல்லணும். 641 குறுக்க வந்து ஏழாவது காரணியைக் கொடுக்கலன்னா 32 வழிதான் இருந்திருக்கும். வர்க்கங்களோட கூடுதலா எழுதப் பார்க்காதீங்க, காரணியில 3 ஒத்தையா இருக்கிறதால முடியாது.

நெருக்கமான ஜோடி தர்றது 4294967296ஓட வர்க்கத்துல 1 கழிச்சது. மறு கோடியில 1 × 18446744073709551615. அதை வர்க்க வித்தியாசமா எழுதினா: கடைசிக் கட்டத்து நெல்லோட வர்க்கம், கழித்தல், அதுக்கு முந்தின 63 கட்டத்து மொத்த நெல்லோட வர்க்கம்.